பிளேசிங் சாடில்ஸ்: பார்ட்டும் ஜிம்மும் எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள்?

கேள்வி இதுதான்: 1974இல் வந்த ‘பிளேசிங் சாடில்ஸ்’ ஒரு கேலிக்கூத்துப் படம். குதிரையை ஒருவன் குத்தி வீழ்த்துகிறான், அவரைப் பயறு தின்ற கௌபாய்கள் வரிசையாக வாயு விடுகிறார்கள், கடைசியில் கதையே ஸ்டுடியோ சுவரை உடைத்துக்கொண்டு வெளியே ஓடுகிறது. இப்படிப்பட்ட படத்தில் ஷெரிஃப் பார்ட்டுக்கும் குடிகார ஜிம்முக்கும் நடுவிலுள்ள நட்பை மட்டும் ரசிகர்கள் ஏன் இவ்வளவு உருக்கமாகப் பேசுகிறார்கள்? அப்படி அதில் என்ன இருக்கிறது?

சுருக்கமான பதில்: அந்தப் படத்தில் கத்தாமல் பேசுகிறவர்கள் கிட்டத்தட்ட அந்த இருவர் மட்டுமே. விரிவான பதிலுக்குக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஆண்டு 1874. ரயில் பாதை புதைமணலைத் தவிர்த்து ராக் ரிட்ஜ் என்ற ஊர் வழியாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு வளைத்துப் போட, ஊர்க்காரர்களைத் துரத்த நினைக்கிறான் ஹெட்லி லமார் என்ற அரசாங்க ஆள். அவன் கண்டுபிடிக்கும் வழி, ஒரு கறுப்பரை ஷெரிஃபாக அனுப்பினால் ஊர் தானாகக் கலைந்துவிடும் என்பது. மேற்பார்வையாளன் டாகர்ட்டின் மண்டையில் மண்வெட்டியால் போட்டதற்காகத் தூக்குமேடைக்குப் போகவிருந்த ரயில் பாதைத் தொழிலாளி பார்ட்தான் அந்த ஷெரிஃப். வரவேற்கக் கூடிய ஊர் அவனைக் கண்டதும் துப்பாக்கியை நீட்டுகிறது. பார்ட் தன் துப்பாக்கியைத் தன் கழுத்திலேயே வைத்து, தன்னைத் தானே பிணைக்கைதியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு குரலில் மாறி மாறிப் பேசி அலுவலகத்துக்குள் தப்பிக்கிறான். ஊரே ஏமாறுகிறது. உள்ளே போனதும் தன் திறமையைத் தானே மெச்சிக்கொள்கிறான்.

அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். 2ஆம் எண் சிறை அறையில் கட்டிலிலிருந்து தலைகீழாகத் தொங்கும் குடிகாரன். ஜிம்.

இருவரும் முதன்முதலில் பேசிக்கொள்ளும் சில வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஜிம் கண்ணைத் திறக்கிறான். நாம் விழித்திருக்கிறோமா என்று பார்ட் கேட்கிறான். உறுதியாகத் தெரியவில்லை, நாம் கறுப்பா என்று ஜிம் திருப்பிக் கேட்கிறான். ஆமாம். அப்படியானால் விழித்துத்தான் இருக்கிறோம், ஆனால் ரொம்பக் குழப்பமாக இருக்கிறது. இதில் முக்கியம் அந்த ‘நாம்’. பார்ட் அதை ஒரு மருத்துவர் நோயாளியிடம் பேசும் தோரணையில் ஆரம்பிக்கிறான். ஜிம் அதைப் பிடித்துக்கொண்டு தன்னையும் அவனையும் ஒரே எழுவாய்க்குள் போட்டுவிடுகிறான். ஊரே நிறத்தைப் பார்த்துத் துப்பாக்கி எடுத்த பிறகு, இவன் அதே நிறத்தை ஒரு தகவலாகக் கேட்டுக்கொண்டு, குழப்பம் என்று ஒத்துக்கொண்டு, நகர்ந்துவிடுகிறான். அதற்குப் பிறகு படம் முடியும்வரை பார்ட்டின் நிறம் ஜிம்முக்கு ஒரு கேள்வியாக வரவே வராது. எதிரியை ஏமாற்ற இருவரும் சேர்ந்து போடும் நாடகத்தில் மட்டும்தான் வரும்.

இனத்தை வைத்து நட்பு பேசும் படங்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். வெள்ளைக்காரன் முதலில் வெறுப்பான், நடுவில் ஒரு ஆபத்து, கறுப்பர் அவனைக் காப்பாற்றுவார், பிறகு இவன் மனம் மாறி வசனம் பேசுவான். அந்த ஏணிப்படி இங்கே இல்லை. ஜிம்முக்கு மாறுவதற்கு ஒன்றும் இல்லை. பார்ட்டுக்கு நிரூபிப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த நேரம் முழுவதையும் படம் வேறொன்றுக்குச் செலவிடுகிறது: இருவரும் ஒருவரையொருவர் ரசிப்பதற்கு.

தொடர்ந்து வரும் சிறைக்காட்சியில் கதைக்குத் தேவையான எல்லாத் தகவலும் இங்கேதான் கொடுக்கப்படுகிறது, ஆனால் கொடுக்கப்படுவதே தெரியாது. ஜிம் ஒரு விஸ்கி பாட்டிலை அப்படியே கவிழ்த்துக் குடிக்கிறான். சாப்பிடாமல் இப்படிக் குடிக்கிறவன் செத்துப்போவான் என்கிறான் பார்ட். “எப்போது?” என்று கேட்கிறான் ஜிம். ஜிம்மாக நடிக்கும் ஜீன் வைல்டர் இந்த ஒரு சொல்லை நகைச்சுவையாகச் சொல்வதில்லை. உண்மையில் தேதி தெரிந்தால் தேவலை என்பதுபோல் மெல்லக் கேட்கிறார். அந்தச் சொல்லுக்குச் சிரிக்கும்போதே இவன் எவ்வளவு உடைந்துபோனவன் என்பதும் புரிந்துவிடுகிறது. தனியாக ஒரு சோகக் காட்சி வேண்டியதில்லை.

பிறகு சதுரங்கப் பலகை. ஒரு காலத்தில் தன்னை வேகோ கிட் என்பார்கள் என்று ஜிம் சொல்ல, பார்ட் நம்பவில்லை. துப்பாக்கி எடுப்பதில் உலகத்திலேயே வேகமான கை வேகோ கிட்டுடையது ஆயிற்றே! ஜிம் சண்டை போடுவதில்லை. ஒரு காயை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொள், தோன்றும்போது பிடி என்கிறான். பார்ட் இரண்டு கையையும் அடித்து மூடுகிறான். திறந்தால் காலி. காய் ஜிம்மின் கையில். தன் பெருமையை வாயால் சொல்லாமல் விளையாட்டாகக் காட்டுகிறவன், அதை வாய்விட்டு ரசிக்கிறவன். இருவரும் ஏன் ஒத்துப்போவார்கள் என்பதற்கு இந்த அரை நிமிடம் போதும்.

அடுத்து இருவரும் கதை பரிமாறிக்கொள்கிறார்கள். துப்பாக்கி ஏந்திய ஒவ்வொரு பயலும் தன்னோடு மோத வந்து சலித்துப்போனதையும், கடைசியாகத் தன்னைச் சவாலுக்கு அழைத்தது ஒரு ஆறு வயதுப் பையன் என்பதையும் ஜிம் சொல்கிறான். அவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடக்க, பையன் பின்புறத்தில் சுட்டுவிட்டான். அன்றைக்கு பாட்டிலுக்குள் நுழைந்தவன்தான். கதை அபத்தம். ஆனால் வைல்டர் சொல்லும் முகத்தில் அபத்தத்தின் சுவடே இருக்காது. பிறகு பார்ட் தன் குடும்பம் மேற்கே வந்த கதையைச் சொல்கிறான்: குதிரைவண்டிகள் பாதுகாப்புக்காக வட்டம் கட்டியபோது இவர்களை அதில் சேர்க்கவில்லை, அதனால் இவர்கள் வண்டி தனியாகத் தனக்குத்தானே வட்டமடித்தது, ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழி பேசும் செவ்விந்தியத் தலைவர் இவர்களைப் போகவிட்டார். அந்தத் தலைவராக வருவது இயக்குநர் மெல் புரூக்ஸேதான். கவனியுங்கள், ஒருவர் மட்டும் காயத்தைக் காட்டி மற்றவர் ஆறுதல் சொல்லும் அமைப்பு இல்லை. இரண்டு பேரும் ஒரே பலகை முன்னால் உட்கார்ந்து, சம அளவில் கொடுத்து வாங்குகிறார்கள்.

ரசிகர்கள் எல்லோரும் சொல்லும் காட்சி இதற்குப் பிறகு வருவது. காலையில் பார்ட் தெருவில் நடக்கிறான். எதிரே வரும் கிழவிக்குப் பணிவாக வணக்கம் சொல்கிறான். அவள் இனவசைச் சொல்லோடு திட்டிவிட்டுப் போகிறாள். இதுவரை எதற்கும் அசையாத பார்ட் முதல்முறையாக முகம் வாடி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஜிம் பக்கத்தில் வந்து, என்ன எதிர்பார்த்தாய், வாப்பா, உன் வீடு மாதிரி இரு, என் பெண்ணைக் கட்டிக்கொள் என்று சொல்வார்கள் என்றா, என ஆரம்பிக்கிறான். இவர்கள் எளிய உழவர்கள், மண்ணின் மைந்தர்கள், புதிய மேற்கின் சாதாரண மனிதர்கள் என்று ஒவ்வொரு பட்டமாக, மரியாதை கூடிக்கொண்டே போக, இடைவெளி விட்டு விட்டுச் சொல்லி, கடைசியில் ஒரு நிறுத்தம். பிறகு மிக மிருதுவாக: முட்டாள்கள்.

பார்ட்டாக நடிக்கும் கிளீவன் லிட்டில் வெடித்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு பாத்திரத்தின் சிரிப்பா, நடிகரின் சிரிப்பா என்று பிரிக்க முடியாது. தோள் குலுங்க, முகம் முழுக்கப் பரவி வரும் சிரிப்பு. படத்தில் இவர்கள் நட்பை நம்பவைப்பது வசனத்தைவிட இந்தச் சிரிப்புதான் என்பேன். அந்தப் பேச்சின் கட்டுமானமும் எளிதல்ல. பட்டங்கள் இரண்டோடு நின்றிருந்தால் ஏறும் படி தெரியாது. ஐந்தாறு போட்டிருந்தால் வரப்போவதைப் பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். மூன்று படி, ஒரு மௌனம், ஒரு சொல். குரலைக் கடைசிச் சொல்லுக்கு உயர்த்தியிருந்தாலும் கெட்டிருக்கும். வைல்டர் தாழ்த்துகிறார்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன விஷயம். நகைச்சுவை ஜோடி என்றால் வழக்கமாக ஒருவர் நிதானம், மற்றவர் கோமாளி. லாரல்-ஹார்டியிலிருந்து வரும் கணக்கு அது. ஒருவர் சறுக்குவார், மற்றவர் எரிச்சலடைவார். பார்ட்-ஜிம் ஜோடியில் இருவருமே நிதானம். கோமாளி வேடம் ஊர் முழுவதற்கும், ஆளுநர், ஹெட்லி, டாகர்ட் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. ஹெட்லியாக வரும் ஹார்வி கார்மன் கத்துகிறார், மெல் புரூக்ஸின் ஆளுநர் உளறுகிறார், ஊரில் எல்லோருக்கும் ஜான்சன் என்றே குடும்பப் பெயர், ஒருவன் பேசுவது யாருக்கும் புரிவதே இல்லை. இந்த இரைச்சலின் நடுவே இவர்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசும்போது நம் காது தானாக அவர்கள் பக்கம் போகிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் நிற்பான், நம்மோடும் நின்று கதையைக் கிண்டலடிப்பான் அல்லவா, கிட்டத்தட்ட அந்த இடம் இவர்களுக்கு. தாங்கள் இருப்பது பைத்தியக்கார உலகம் என்று தெரிந்தவர்கள் இருவர், அதனாலேயே சேர்ந்துகொண்டவர்கள்.

இந்தச் சமநிலை திட்டமிட்டு வந்ததல்ல என்பதுதான் வேடிக்கை. ஆண்ட்ரூ பெர்க்மன் எழுதிய மூலக்கதையை வைத்து புரூக்ஸ், பெர்க்மன், ரிச்சர்ட் பிரையர், நார்மன் ஸ்டைன்பெர்க், ஆலன் யூகர் ஐவரும் திரைக்கதை எழுதினார்கள். பார்ட்டாக நடிக்க புரூக்ஸ் விரும்பியது பிரையரை. தயாரிப்பு நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வாய்ப்பு கிளீவன் லிட்டிலுக்கு வந்தது. அவர் மேடைக்காரர், 1970இல் ‘பர்லி’ என்ற இசை நாடகத்துக்காக டோனி விருது வாங்கியவர். உச்சரிப்பில் தெளிவு, நடையில் ஒரு ராஜகளை. ஜிம் வேடத்துக்கு முதலில் எடுத்தவர் கிக் யங். துணை நடிகருக்கான ஆஸ்கார் வாங்கியவர். நிஜத்திலும் குடியோடு போராடியவர். படப்பிடிப்பின் முதல் நாளே சிறைக்காட்சிக்காகத் தொங்கவிட்டபோது உடல்நிலை மோசமாகி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. புரூக்ஸ் வைல்டரை அழைக்க, அவர் உடனே விமானம் ஏறி வந்து வேடத்தை ஏற்றார். ஏற்கெனவே புரூக்ஸின் ‘தி புரொட்யூசர்ஸ்’ படத்தில் பதற்றமே உருவான கணக்காளராக நடித்தவர் வைல்டர். அதே ஆள் இங்கே பதற்றத்தின் நிழல்கூட இல்லாமல் வருவது ஒரு தனி இன்பம். அதே ஆண்டு டிசம்பரில் இருவரும் சேர்ந்து ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ கொடுத்தார்கள்.

பிரையர் பார்ட்டாக நடித்திருந்தால் படம் இன்னும் காரமாக இருந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பார்ட்-ஜிம் உறவு இப்படி இருந்திருக்காது. பிரையரும் வைல்டரும் பிற்பாடு ‘சில்வர் ஸ்ட்ரீக்’ (1976), ‘ஸ்டிர் கிரேசி’ (1980) என்று சேர்ந்து நடித்தார்கள். அந்த ஜோடியின் சக்தி பதற்றத்தில் இருக்கிறது. ஒருவர் பயத்தை மற்றவர் ஊதிப் பெரிதாக்குவார். லிட்டில்-வைல்டர் ஜோடியின் சக்தி ஓய்வில் இருக்கிறது. இரண்டும் நல்லது, இரண்டும் வேறு.

அடிக்கடி எழும் ஒரு குற்றச்சாட்டையும் பார்த்துவிடலாம்: கறுப்பு நாயகனைக் காப்பாற்ற ஒரு வெள்ளைக்காரத் துப்பாக்கி வீரன் வேண்டியிருக்கிறதே? கணக்குப் பார்த்தால் அது நிற்காது. படத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு திட்டமும் பார்ட்டுடையது. பிணைக்கைதி நாடகம் அவனுடையது. மாங்கோ என்ற மலைபோன்ற அடியாளை, சுட்டால் அவனுக்குக் கோபம்தான் வரும் என்று ஜிம் எச்சரிக்க, மிட்டாய்த் தந்தி கொண்டுவரும் பையனாக வேடமிட்டு வெடிவைத்து மடக்குவது பார்ட். ராக் ரிட்ஜைப் போலவே அட்டையில் ஒரு போலி ஊரை ஒரே இரவில் கட்டி எதிரியை அதற்குள் இழுக்கும் யோசனையும் பார்ட்டுடையது. அந்தக் கூட்டத்தைத் தாமதப்படுத்த நடுப் பாலைவனத்தில் ஒரு சுங்கச்சாவடி. சில்லறைக் காசுக்காக டாகர்ட் ஆள் அனுப்ப வேண்டியதாகிறது, சுற்றிப் போக ஒருவனுக்கும் தோன்றாது. ஜிம்மின் துப்பாக்கி கதையைத் திருப்புவது பெரிதாக இரண்டு இடத்தில். ரயில் பாதையில் டாகர்ட்டின் ஆட்கள் பார்ட்டைச் சுட முனையும்போது அத்தனை பேர் கையிலிருந்தும் துப்பாக்கி பறக்கிறது. ஜிம்மின் கை நகர்ந்ததையே நாம் பார்ப்பதில்லை. பிறகு போலி ஊரில் வைத்த டைனமைட் வெடிக்காதபோது, தொலைவிலிருந்து சுட்டு வெடிக்கவைக்கிறான். மூளை ஒருவர், கை ஒருவர். வெஸ்டர்ன் எனும் கௌபாய்ப் பட மரபில் இந்தப் பங்கீடு பெரும்பாலும் தலைகீழாகத்தான் இருக்கும்.

ஜிம் எந்த மரபின் பிள்ளை என்று தெரிந்தால் ரசனை இன்னும் கூடும். கை நடுங்கும் குடிகாரத் துப்பாக்கிக்காரன் வெஸ்டர்னில் பழைய ஆள். ‘ரியோ பிராவோ’வில் (1959) டீன் மார்ட்டின் அவனைச் சோகமாகச் செய்தார், அந்தப் படத்தின் பாதி உயிர் அவன் குடியிலிருந்து மீளும் போராட்டம். ‘கேட் பலூ’வில் (1965) லீ மார்வின் அவனைக் கேலியாகச் செய்து ஆஸ்காரே வாங்கினார். பிளேசிங் சாடில்ஸ் மீட்சிக் காட்சியையே தூக்கிவிட்டது. நிலையாக நிற்கும் கையை ஜிம் காட்ட, பாறை மாதிரி இருக்கிறதே என்று பார்ட் பாராட்ட, ஆனால் சுடுவது இந்தக் கையால் என்று நடுங்கும் மறு கையைத் தூக்குவான். அவ்வளவுதான். பிறகு அந்த நடுக்கம் எப்போது போயிற்று என்று படம் சொல்லாது. பார்ட் வந்த பிறகு அவனுக்கு வேலை இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. மிச்சத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மருத்துவரீதியாக இது அபத்தம், ஆனால் இந்தப் படத்தில் மருத்துவம் தேடுகிறவர் வேறு படத்துக்குப் போகலாம்.

ஊருக்கும் பார்ட்டுக்குமான உறவை இதோடு ஒப்பிட்டால் எழுத்தாளர்களின் கூர்மை தெரியும். மாங்கோவை அடக்கிய பிறகு அதே கிழவி இரவில் சன்னல் பக்கம் வந்து ஒரு ஆப்பிள் பை கொடுத்து மன்னிப்புக் கேட்கிறாள். போகும்போது, என்னோடு பேசியதை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்கிறாள். ஊரின் அன்பு நன்றிக்கடன். அதற்கும் எல்லை உண்டு, இருட்டும் வேண்டும். ஜிம் பட்டப்பகலில் ஷெரிஃபோடு தெருவில் நடக்கிறவன்.

கடைசிப் பகுதியைப் பற்றி நான் கொஞ்சம் குறைவாகவே சொல்வேன். சண்டை பக்கத்துப் படப்பிடிப்புத் தளத்துக்குள் புகுவதும், உணவகத்தில் பை எறிவதும் வேடிக்கைதான், ஆனால் அங்கே இவர்கள் இருவரும் கூட்டத்தில் கரைந்துபோகிறார்கள். திரும்பக் கிடைப்பது ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டர் வாசலில். ஹெட்லியைச் சுட்டுவிட்டு, தங்கள் படத்தின் முடிவை உள்ளே உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். ஜிம்முக்குச் சுபமான முடிவு பிடிக்குமாம். திரையில், ஊரைவிட்டுக் கிளம்பும் பார்ட்டிடம் எங்கே போகிறாய் என்று கேட்கும் ஜிம்மின் கையில், தியேட்டரில் வாங்கிய சோளப்பொரி அப்படியே இருக்கிறது. குறிப்பாக எங்கும் இல்லை என்கிறான் பார்ட். அங்கே போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை என்கிறான் ஜிம். குதிரையில் கொஞ்ச தூரம், பிறகு காடிலாக் கார். வெஸ்டர்ன் நாயகன் தனியாக அஸ்தமனத்துக்குள் போவான் என்ற விதியை மாற்ற இரண்டு வரி போதுமாக இருந்திருக்கிறது.

இந்த ஜோடியைப் பிரதியெடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1975இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘பிளாக் பார்ட்’ என்று ஒரு முன்னோட்டப் பகுதி வந்தது. பார்ட்டாக லூயிஸ் காசெட் ஜூனியர், நல்ல நடிகர். ஆனால் ஜிம்முக்குப் பதிலாக வந்தவன் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையின் முன்னாள் அதிகாரி. அதோடு போயிற்று: படம் தவிர்த்த அந்தப் பழைய ஏணிப்படியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அது தொடராக ஒளிபரப்பாகவில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். படம் 93 நிமிடம். ஜிம் வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு கழிந்த பிறகு, அதற்குள் பொறுமை இழக்க வேண்டாம். இனவசைச் சொல் படம் முழுக்க வரும், பாலியல் கேலியும் உண்டு. குழந்தைகளோடு பார்க்கும் படம் அல்ல. அந்தச் சொல்லை வெறுப்போடு பயன்படுத்துகிறவர்கள் யார் யார், அவர்களுக்குப் படம் என்ன செய்கிறது என்று கவனித்தால் கேலி யார் மேல் என்பது விளங்கிவிடும். தொலைக்காட்சிக்காக வெட்டிய பதிப்பைத் தவிருங்கள்: வசைகளோடு சேர்ந்து இடைவெளிகளும் நறுக்கப்படுவதால் வைல்டரின் டைமிங்தான் முதலில் பலியாகும். வசன வரிகள் போட்டுப் பார்ப்பவர்களுக்கும் அதே சிக்கல் ஒன்று உண்டு. ‘முட்டாள்கள்’ என்ற கடைசிச் சொல் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கீழே எழுத்தில் வந்துவிட்டால் அந்த மௌனம் வீண். அந்த ஒரு காட்சிக்காவது வரிகளை அணைத்துவிடுங்கள். முடிந்தால் ‘ரியோ பிராவோ’வை முந்தின நாள் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள், எதைக் கிண்டல் செய்கிறார்கள், எதை மரியாதையோடு விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது இரண்டும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் பிடிபடும்.